படகு இயந்திரத்தின் குளிர்நீர்: கொடைக்கானல் ஏரியும் கங்கையின் ஜெட் படகுகளும்

கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்தது அன்று. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் சதுப்பாகக் கிடந்த பள்ளத்துக்குக் கரை கட்டி, அங்கு ஓடிவந்த ஓடைகளின் நீரைத் தேக்கினார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,285 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 24 ஹெக்டேர் பரப்பில், கைகளை விரித்த நட்சத்திரம் போல அந்த ஏரி உருவாயிற்று. அதில் மிதந்த முதல் படகையும் லெவிஞ்சே தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். அந்தக் காலத்தில் மலைக்கு வண்டிச்சாலை கிடையாது. பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து நடந்தோ, மட்டக்குதிரையிலோ, டோலியிலோதான் மேலே போக வேண்டும். கடற்கரை ஊரிலிருந்து வந்த அந்தப் படகு கூலியாட்களின் தோளில்தான் மலையேறியிருக்க முடியும்.

1890-இல் அங்கே படகுக் குழாம் தோன்றியது. 1910-இல் புதிய படகுத்துறைக் கட்டடம் எழுந்தது. 1932 மே 26 முதல் குழாமின் படகுகள் பொதுமக்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் கிடைத்தன. இத்தனை ஆண்டுகளில் படகுகளின் வடிவம் மாறியிருக்கிறது. துடுப்புக்குத் துணையாக மிதிபடகு வந்திருக்கிறது. ஆனால் இந்த ஏரியில் சவாரிக்குப் போகும் படகு இன்றும் மனிதக் கையாலும் காலாலும்தான் நகர்கிறது. நீலகிரியில் ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய உதகை ஏரியில் மோட்டார் படகுகள் ஓடுகின்றன. பைக்காரா நீர்த்தேக்கத்தில் விரைவுப் படகுகளே ஓடுகின்றன.

இந்த வேறுபாட்டைச் சத்தத்தின் கணக்கிலோ அழகின் கணக்கிலோ பார்ப்பது வழக்கம். அதைவிட முக்கியமான கணக்கு நீரின் கணக்கு. படகு இயந்திரம் தான் மிதக்கும் நீரையே எடுத்துத் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது; பிறகு அந்த நீரைப் புகையோடு கலந்து அதே இடத்தில் விட்டுவிடுகிறது. எவ்வளவு எடுப்பது, எந்த வழியாக விடுவது என்ற கேள்வி படகு இயந்திரத்தின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது. அது மிகக் கூர்மையாக எழுந்த இடம் ஜெட் படகு.

மலையேறிய இயந்திரமும் கொதித்த நீரும்

பழனி மலைக்கு இயந்திரம் வந்தது படகில் அன்று, சாலையில். தென்னிந்திய ரயில்பாதை 1875-இல் அம்மையநாயக்கனூரைத் தொட்டது. அந்த நிலையம்தான் இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மேலே ஏற மோட்டார் சாலை அமைய மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. மேஜர் லா என்ற பொறியாளரின் மேற்பார்வையில் 1914-இல் உருவான மலைப்பாதை, 1916-இல் மோட்டார் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது.

அந்தப் பாதையில் ஏறிய தொடக்ககாலக் கார்களுக்குப் பெரிய எதிரி செங்குத்து அன்று, சூடு. ஃபோர்டு டி வகைக் காரில் நீரைச் சுற்றவைக்கத் தனிப் பம்பு இல்லை. சூடான நீர் தானாக மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற ஏற்பாட்டை நம்பியே அதன் ரேடியேட்டர் இயங்கியது. சமவெளியில் அது போதும். கீழ்க் கியரில், முழு விசையில், மெதுவாக ஊர்ந்து ஏறும்போது ரேடியேட்டரில் காற்று மோதுவது குறையும். இயந்திரமோ வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நீர் கொதித்து ஆவியாகப் பீறிடும். ஓட்டுநர் இறங்கி, ஆறவிட்டு, தகரக் குவளையால் நீர் ஊற்றிய பிறகே வண்டி நகரும்.

இதில் மலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் வைத்த நீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறது என்று அங்குள்ள வீடுகளில் சொல்லும் குறைக்கும் கார் இன்ஜின் கொதிப்பதற்கும் காரணம் ஒன்றே. ரேடியேட்டர் மூடியை அழுத்தம் தாங்கும்படி செய்து, உள்ளே உள்ள நீரை 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் வைக்கும் முறை பரவிய பிறகே மலைச்சாலையில் இந்தத் தொல்லை அடங்கியது.

சாலையில் ஓடும் வண்டி தன் நீரைத் தானே சுமக்கிறது. அதே நீர் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது; வெப்பம் காற்றுக்குப் போகிறது. படகுக்கு இந்தச் சுமை தேவையில்லை. அதைச் சுற்றிலும் எல்லையில்லாத குளிர்நீர் இருக்கிறது. தொல்லை தொடங்குவதும் அங்கிருந்துதான்.

கடற்கரையில் கற்ற பாடம்

தமிழகக் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் வந்தது 1950-களுக்குப் பிறகு. 1952-இல் கையெழுத்தான இந்திய–நார்வே ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய திட்டம் இந்தத் திசையில் ஒரு முன்னோடி. தமிழகத்திலும் அரசின் உதவியோடு விசைப்படகுகள் பெருகின. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வெளியே மாட்டும் மோட்டார்கள் 1980-களில் பரவத் தொடங்கின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்து குவிந்த ஃபைபர் படகுகளோடு அவை கரையெங்கும் சாதாரணக் காட்சியாகிவிட்டன.

கடல்நீரால் குளிரும் இயந்திரத்துக்கு இரண்டு நோய்கள். ஒன்று உப்பு. நீர் 60, 70 டிகிரியைத் தாண்டிச் சூடானால் அதில் கரைந்திருக்கும் உப்புகள் இயந்திரத்தின் நீர்ப்பாதைச் சுவரில் காரையாகப் படியும். ஆகவே கடல்நீரை நேரடியாகப் பயன்படுத்தும் இயந்திரத்தை, கார் இயந்திரத்தைவிடக் குளிர்ச்சியாகவே ஓட்ட வேண்டும். இரண்டாவது நோய் மணல். அலை உடையும் இடத்தில் மணல் கலந்த நீரை உறிஞ்சினால் பம்பின் ரப்பர்ச் சுழலி தேயும். நீரில்லாமல் சில நிமிடம் ஓடினாலே அது கருகிவிடும்.

வெளியில் மாட்டும் மோட்டாரின் தலையிலிருந்து மெல்லிய நூல் போல ஒரு நீர்த்தாரை வெளியே பாய்வதைப் பார்க்கலாம். குளிர்நீர் ஓடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். மோட்டாரைக் கிளப்பியதும் அனுபவமுள்ளவர் முதலில் பார்ப்பது அந்தத் தாரையைத்தான். வெப்பமானி இல்லாத படகில் அந்த நூலின் கனமும் சூடும் வெப்பமானியின் வேலையைச் செய்கின்றன. அது நின்றுவிட்டால் மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும். கரை எவ்வளவு தொலைவில் இருந்தாலும் சரி.

ஜெட் படகின் பிறப்பு

நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி, அந்த எதிர்விசையில் படகை ஓட்டலாம் என்ற எண்ணம் பழையது. இங்கிலாந்தில் டூகுட், ஹேஸ் என்ற இருவர் 1661-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றனர். அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றில் ஜேம்ஸ் ரம்சி 1787-இல் நீராவிப் பம்பால் நீரைப் பீய்ச்சிப் படகு ஓட்டிக் காட்டினார். கொடைக்கானல் ஏரி கட்டப்பட்டு மூன்றே ஆண்டுகள் கழித்து, 1866-இல், பிரிட்டிஷ் கடற்படை ‘வாட்டர்விட்ச்’ என்ற பீரங்கிக் கப்பலை இந்த முறையில் கட்டியது. எதுவும் நிலைக்கவில்லை. ஆழமான நீரில் சாதாரண விசிறியே மேலானது என்று கப்பல் கட்டுவோர் முடிவு செய்தனர்.

ஆழமில்லாத நீரில் நிலைமை தலைகீழ். நியூசிலாந்தின் தென்தீவில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த வில்லியம் ஹாமில்டன், தம் பகுதியின் கூழாங்கல் ஆறுகளில் எதிர்நீச்சல் போட ஒரு படகு வேண்டும் என்று நினைத்தார். முழங்கால் ஆழமே உள்ள அந்த ஆறுகளில் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி முதல் திருப்பத்திலேயே கல்லில் மோதி உடையும். 1950-களின் தொடக்கத்தில் அவர் ஒரு பம்பைப் படகுக்குள் பொருத்தி, அடியிலிருந்து உறிஞ்சிய நீரைப் பின்னால் பீய்ச்சினார். முதலில் நீர் படகுக்கு அடியில் பீய்ந்தது, படகு ஊர்ந்தது. 1954-இல் பீய்ச்சுக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றியதும் வேகம் கூடியது. படகின் அடிப்பாகமும் வழவழப்பாகி, எதிலும் சிக்காமல் போனது. 1960-இல் அவருடைய மகன் ஜான் ஹாமில்டன் உள்ளிட்ட குழு, அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாக மேல்நோக்கிப் படகோட்டியது. அதுவரை எவரும் செய்யாத பயணம் அது.

இந்தப் படகுகளுக்குள் இருந்தது பெரும்பாலும் மோட்டார் கார் இயந்திரம்தான். காரில் இருந்தபோது அதற்கு ரேடியேட்டர் இருந்தது. படகில் ரேடியேட்டருக்கு இடமும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை. ஆனால் விநாடிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் நீரைத் தள்ளும் ஒரு பெரிய பம்பு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் உறையில் சிறு துளையிட்டு ஒரு குழாயை மாட்டினால் போதும், இயந்திரத்துக்குத் தேவையான நீர் தானாகவே வரும். தனிப் பம்பு வேண்டாம், தேயும் ரப்பர்ச் சுழலி வேண்டாம்.

எளிமையான வழி, அதற்குள் ஒரு பொறியும் இருந்தது. சாதாரணப் பம்பு தரும் நீர் இயந்திரத்தின் தேவைக்கு ஏறத்தாழ இணையாக ஏறி இறங்கும். ஜெட்டின் அழுத்தம் அப்படி அன்று. மெதுவாகச் சுழலும்போது உறைக்குள் அழுத்தம் மிகக் குறைவு. நீர் சொட்டுச் சொட்டாகவே வரும். முழு வேகத்தில் அழுத்தம் பல மடங்காகும். கார் இயந்திரத்தின் நீர்ப்பாதைகள் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. கட்டுப்பாடு இல்லாமல் ஜெட் நீரை உள்ளே விட்டால் கேஸ்கெட் பிதுங்கும். நீர் எண்ணெயோடு கலக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. பனியாற்று நீர் அளவின்றிப் பாய்ந்தால் இயந்திரம் சூடேறவே சூடேறாது. பெட்ரோல் முழுதும் ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து எண்ணெயை நீர்க்கச் செய்யும். அளவுக்கு மீறிய குளிர்ச்சியும் இயந்திரத்தைத் தின்னும். சூட்டைப் போல உடனே அல்லாமல் மெல்லத் தின்னும்.

புகைக்குழாயில் எவ்வளவு நீர்?

இயந்திரத்தின் உடலைக் குளிர்விப்பது பாதி வேலை. மீதி வேலை புகைக்குழாயில் இருக்கிறது. பெட்ரோல் இயந்திரத்தில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. சிலிண்டரை விட்டு வரும் புகையின் வெப்பம் முழு விசையில் 700 டிகிரியையும் தொடும். காரில் அந்தக் குழாய் தரைக்கு அருகே, வீசும் காற்றில் கிடக்கிறது. படகிலோ அது மரத்துக்கும் ஃபைபருக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் நடுவே, மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. வெறும் இரும்புக் குழாயாக விட்டால் படகு தீப்பிடிக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உருவாயின. முதல் வழி, புகைக்குழாயைச் சுற்றி இன்னொரு உறை வார்த்து, இரண்டுக்கும் நடுவே நீரை ஓடவிடுவது. கனமானது, மெதுவானது, பாதுகாப்பானது. இரண்டாவது வழி 1960, 70-களில் கலிபோர்னியாவின் படகுப் பந்தயக்காரர்களிடம் வளர்ந்தது. பெர்க்லி பம்பு நிறுவனத்தின் ஜெட்டுகளைப் பெரிய எட்டு சிலிண்டர் இயந்திரங்களோடு பூட்டிய அவர்கள், கனமான வார்ப்பு உறையை விரும்பவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தனிக் குழாய் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வெளியே விடும் ‘ஹெடர்’ என்ற அமைப்பைப் பந்தயக் காரிலிருந்து எடுத்துக்கொண்டனர். குழாய்கள் கூடுமிடத்தில் புகைக்குள்ளேயே நீரைத் தெளித்துச் சூட்டைத் தணித்தனர்.

தெளிக்கும் நீரின் அளவு பார்ப்பவருக்கு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. ஒரு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்ற விகிதத்தில் ஓடும் நீர் 40 டிகிரி சூடேறினால் அது எடுத்துச் செல்லும் வெப்பம் 3 கிலோவாட்டுக்கும் குறைவு. அதே ஒரு லிட்டர் முழுதும் ஆவியானால் சுமார் 40 கிலோவாட்டை விழுங்கும். புகை வழியே 100 கிலோவாட் வெப்பத்தை விடும் இயந்திரத்துக்கு உறை வழியாக என்றால் நிமிடத்துக்கு 36 லிட்டர் வேண்டும். புகைக்குள் தெளித்து ஆவியாக்கினால் இரண்டரை லிட்டரிலேயே காரியம் முடியும். ரேடியேட்டரில் ஆவி கிளம்பினால் அது தோல்வி. ஹெடரிலோ ஆவியாவதே வேலை.

ஆனால் அந்தச் சிறு அளவு தவறினால் விளைவு பெரிது. நீர் குறைந்தால் ஹெடரின் பளபளப்பான மேற்பூச்சு முதலில் மஞ்சளாகும், பிறகு நீலமாகும். அதன் பின்னால் இணைத்த ரப்பர்க் குழாய் புகையத் தொடங்கும். நீர் கூடினால் அது இன்னும் கள்ளத்தனமான ஆபத்து. பந்தய இயந்திரங்களில் புகையை விடும் வால்வும் காற்றை இழுக்கும் வால்வும் ஒரு கணம் ஒன்றாகத் திறந்திருக்கும். மெதுவாக ஓடும்போது அந்தக் கணத்தில் புகைக்குழாயில் உள்ளது சற்றுப் பின்னோக்கி இழுபடும். குழாயில் நீர் தேங்கியிருந்தால் அதுவும் கூடவே சிலிண்டருக்குள் போகும். நீர் அமுங்காது. சிறிதளவு போனால் வால்வு துருப்பிடிக்கும். அதிகம் போய்ப் பிஸ்டன் அதன் மேல் மோதினால் இணைப்புத் தண்டு வளைந்து, இயந்திரம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே ஜெட்டிலிருந்து வரும் குழாயில் ஒரு கேட் வால்வை வைத்து, ஹெடருக்குப் போகும் கிளையில் இன்னொரு வால்வை வைத்தார்கள். இயந்திரத்துக்கு ஓர் அளவு, ஹெடருக்கு வேறோர் அளவு. மெதுவாக ஓடும்போது ஹெடருக்கு நீரே போகக் கூடாது. வேகம் ஏறி, புகையின் விசை நீரை வெளியே தள்ளும் நிலை வந்த பிறகே போக வேண்டும். இதற்காக அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் மட்டும் திறக்கும் வால்வுகளும் வந்தன. பல படகுகளில் ஆற்றுநீரை முதலில் புகைக்குழாயின் உறைக்குள் அனுப்பி, அங்கே சற்றுச் சூடான நீரையே இயந்திரத்துக்குள் விட்டார்கள். இயந்திரம் அளவுக்கு மீறிக் குளிர்வது இதனால் நின்றது. வரைபடத்தில் இதற்கெல்லாம் எண் போடலாம்; ஆனால் வால்வை எத்தனை சுற்றுத் திருப்புவது என்பதைப் படகோட்டி தன் ஆற்றில், தன் இயந்திரத்தில், ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். குழாயின் முனையில் வரும் ஆவியைப் பார்ப்பது, அடுத்தடுத்த குழாய்களின் நிறத்தை ஒப்பிடுவது, கால் சுற்று திறப்பது, மறுபடி ஓட்டுவது என்று அது போகும். நெல்வயலில் மடை திறக்கும் வேலைக்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை.

1977: கடலிலிருந்து இமயம் வரை

வால்வை ஒருமுறை சரிசெய்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரே ஏரியில் ஓடும் படகுக்குப் போதும். நீரே மாறிக்கொண்டிருக்கும் பயணத்தில் போதாது. அப்படிப்பட்ட பயணம் ஒன்று இந்தியாவில் நடந்தது.

எவரெஸ்டில் முதலில் ஏறிய இருவரில் ஒருவரான எட்மண்ட் ஹில்லரி, 1968-இல் நேபாளத்தின் சுன்கோசி ஆற்றில் ஜெட் படகில் மேல்நோக்கிப் போயிருந்தார். 1975-இல் காத்மாண்டுவில் நடந்த விமான விபத்தில் அவர் தம் மனைவியையும் இளைய மகளையும் இழந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1977-இல், ‘கடலிலிருந்து வானத்துக்கு’ என்று பெயரிட்ட பயணத்தைத் தொடங்கினார். கங்கை வங்கக்கடலில் கலக்கும் கங்காசாகரிலிருந்து புறப்பட்டு, நதியின் போக்குக்கு எதிராக இமயம் வரை படகில் போவது. பிறகு நடந்து போய் ஒரு சிகரத்தில் ஏறுவது. ஹில்லரியின் மகன் பீட்டர் குழுவில் இருந்தார். இந்திய மலையேற்ற வீரர் கேப்டன் எம். எஸ். கோலியும் இருந்தார். படகுகள் மூன்று: ‘கங்கா’, ‘கிவி’, ‘ஏர் இந்தியா’. ஓட்டுநர்களில் முதன்மையானவர், கிராண்ட் கேன்யனில் ஓட்டிய அதே ஜான் ஹாமில்டன்.

மழைக்காலத்தின் பிற்பகுதியில் அவர்கள் புறப்பட்டார்கள். பாறைகளையும் மணல்திட்டுகளையும் நீர் மூடியிருக்கும் பருவம் அது. அதே பருவத்தில்தான் கங்கை உலகின் மிகக் கலங்கலான பெரிய நதிகளில் ஒன்றாகவும் இருக்கும். ஜெட் படகுக்கு இது நேரடியான சோதனை. படகை ஓட்டும் நீரும் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரும் ஒரே வாய் வழியாக உள்ளே வருகின்றன. அந்த நீரில் வரும் மணல், ஜெட்டின் சுழலிக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியை அரைத்து அகலப்படுத்தும். இடைவெளி அகன்றால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் படகின் வேகமும் குளிர்நீரின் ஓட்டமும் ஒன்றாகக் குறையும். நுண்ணிய வண்டலோ நீர்ப்பாதைகளின் மூலைகளில் சேறாகப் படியும். நேற்று சரியாக இருந்த வால்வு இன்று போதாமல் போவது இப்படித்தான்.

வெப்பநிலையின் மாற்றம் அடுத்தது. வங்கத்திலும் பீகாரிலும் மழைக்காலக் கங்கை வெதுவெதுப்பானது. அது இயந்திரத்துக்குள் நுழையும்போதே 30 டிகிரிக்கு அருகில் இருக்கும். வாரணாசியும் அலகாபாத்தும் தாண்டி, ஹரித்வாரில் மலை தொடங்கிய பிறகு நீர் குளிர்கிறது. பாகீரதியும் அளகநந்தாவும் கூடும் தேவப்பிரயாகைக்கு மேலே ஓடுவது பனிப்பாறை உருகி வந்த நீர். அதே வால்வு, அதே திறப்பு என்றால் இயந்திரம் கீழே சூடாகவும் மேலே சில்லென்றும் ஓடும். மலைப்பகுதியில் வேலையின் தன்மையும் மாறியது. சமவெளியில் ஒரே சீரான வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டம். அளகநந்தாவின் பாய்ச்சல்களிலோ, முழு விசையில் சில விநாடி ஏறி, ஒரு பாறையின் பின்னால் ஒதுங்கி, மெதுவாக ஓடவிட்டு, அடுத்த ஏற்றத்தைக் கண்ணால் அளந்து, மறுபடி முழு விசை. அழுத்தம் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் மாறி மாறிப் பாயும் இந்த ஓட்டம்தான் குளிர்நீர் ஏற்பாட்டுக்குக் கடினமானது.

கரையெங்கும் கூட்டம் கூட்டமாக மக்கள் நின்று பார்த்தார்கள். பலருக்கு அது வீரச்செயல் என்பதைவிட யாத்திரையாகவே தெரிந்தது. நந்தப்பிரயாகைக்கு அருகே, படகால் தாண்ட முடியாத ஓர் அருவியின் முன் நீர்வழிப் பயணம் முடிந்தது. கொடைக்கானல் ஏரியைவிடத் தாழ்ந்த இடம்தான் அது. மலை உயரத்தால் வரும் காற்றுக் குறைவு அங்கே இயந்திரத்தை அதிகம் வருத்தியிருக்காது. மனிதரைத்தான் வருத்தியது. பத்ரிநாத்துக்கு மேலே முகாமிட்டபோது ஹில்லரி உயரநோயால் மயங்கி விழுந்தார். கீழே இறக்கப்பட்டு, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார். மற்றவர்கள் ஆகாஷ் பர்பத் சிகரத்தில் ஏறினார்கள். ஹில்லரி இந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய நூல் 1979-இல் வெளிவந்தது. வில்லியம் ஹாமில்டன் அதற்கு முந்தைய ஆண்டு, 1978-இல், காலமாகியிருந்தார்.

இந்தியாவில் நீர்பீச்சு உந்துதல் பிறகு சாகசத்தை விட்டுத் தொழிலுக்குள் வந்தது. 2009-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘கார் நிகோபார்’ வகை ரோந்துக் கப்பல்கள் விசிறியில்லாமல் ஜெட்டால் ஓடுபவை. அவற்றில் உள்ள ஜெட்டுகள் ஹாமில்டன் நிறுவனத்தினுடையவை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டின் உப்பங்கழியில் சுற்றுலாப் பயணிகள் ஏறும் நீர் ஸ்கூட்டரும் உண்மையில் ஒரு சிறிய ஜெட் படகுதான். அதன் இயந்திரத்துக்கும் புகைக்குழாய்க்கும் குளிர்நீர் தருவதும் அதே ஜெட் பம்பு.

நீர் திரும்பிப் போகும் இடம்

இதுவரை பார்த்தது இயந்திரத்தின் பக்கத்துக் கணக்கு. நீரின் பக்கத்துக் கணக்கு வேறு. ஹெடரில் தெளித்த நீர் ஆவியாகவும் துளியாகவும் புகையோடு சேர்ந்து வெளியே வருகிறது. புகையில் உள்ள கரி, எரியாத பெட்ரோல், எண்ணெய் மசகு எல்லாவற்றையும் அது ஓரளவு கழுவிக்கொண்டு வருகிறது. தொழில்நுட்பக் கண்ணில் இது நல்லதே: சத்தம் குறைகிறது, சூடு தணிகிறது, படகில் இருப்பவர் முகத்தில் புகை அடிப்பதில்லை. அந்தப் புகையின் ஒரு பகுதி நீருக்குப் போயிருக்கிறது என்பதே அதன் மறுபக்கம்.

கங்கை போன்ற நதியில் மூன்று படகுகள் விட்டதை வெள்ளம் அன்றே அடித்துக்கொண்டு போய்விடும். அந்த நதிக்கு வேறு பெரிய துன்பங்கள் இருக்கின்றன. மூடிய மலை ஏரியில் அப்படி நடக்காது. அமெரிக்காவின் டாஹோ ஏரி இதற்கு நல்ல சான்று. 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள, தெளிவுக்குப் பெயர்பெற்ற அந்த மலை ஏரியில், கார்புரேட்டர் பொருத்திய பழைய வகை இரு வீச்சு மோட்டார்கள் 1999-இல் தடை செய்யப்பட்டன. அந்த வகை மோட்டார் தான் குடிக்கும் எரிபொருளில் கால் பங்கையோ அதற்கு மேலோ எரிக்காமலே வெளியே தள்ளும். அது புகையோடு நேராக நீருக்குள் இறங்கும். டாஹோ கொடைக்கானல் ஏரியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பரப்புள்ளது. ஆழமோ ஐந்நூறு மீட்டர். அதற்கே அந்தத் தடை தேவைப்பட்டது.

இதோடு மலை உயரத்தின் கணக்கையும் சேர்க்க வேண்டும். 2,285 மீட்டரில் காற்று மெலிந்தது; சாதாரணக் கார்புரேட்டர் இயந்திரம் அங்கே தன் விசையில் ஐந்தில் ஒரு பங்கையாவது இழக்கும். எரிபொருளின் அளவை அதற்கேற்பக் குறைக்காவிட்டால் கலவை செறிந்து, எரியாமல் போகும் பங்கு கூடும். அதாவது சமவெளியில் ஓடும் அதே மோட்டார், மலை ஏரியில் குறைவாக உழைத்து அதிகமாக அழுக்காக்கும்.

கொடைக்கானல் ஏரி தனக்குள் விழுந்ததை எளிதில் விடுவதில்லை என்பது வேறொரு வழியில் தெரிய வந்தது. ஊரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு பற்றிய எதிர்ப்புக்குப் பின் 2001-இல் மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து ஐதராபாத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஏரியின் நீரிலும் அடிவண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டினார்கள். ஆய்வு 2006-இல் வெளிவந்தது. தொழிற்சாலை ஏரிக்கரையில் இருக்கவில்லை. பாதரசம் காற்றோடும் மழையோடும் வந்து சேர்ந்து, சேற்றில் தங்கிவிட்டது. எரியாத பெட்ரோலும் பாதரசமும் ஒன்றல்ல. பெட்ரோலில் பெரும்பகுதி சில நாட்களில் காற்றுக்கு ஆவியாகிவிடும். ஆனால் மசகு எண்ணெயின் கனமான பகுதியும் கரியும் பாதரசத்தைப் போலவே அடிச்சேற்றைத் தேடிப் போகின்றவை.

ஏரியில் நிரம்பி வழியும் நீர் கிழக்கே இறங்கி, சுமார் 55 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளி அருவியாக விழுகிறது. 1914-இல் உருவான அந்த மலைப்பாதையின் ஓரத்திலேயே அது விழுகிறது. ஏறிவரும் பேருந்துகளும் கார்களும் ஊரை அடைய இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது அங்கே நின்று போகின்றன.